காலேஜுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்களா?

இந்த வாரம் கொஞ்சம் காசு கணக்கு பேசப் போறோம். பயப்படாதீங்க, ப்ளஸ் டூ அக்கவுண்டன்சி அளவுக்குக்கூடப் போகாது.

அட்மிட் வர்ற சீசன்ல எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் ஒரே அச்சுதான். "ப்ரோ, இந்த ரெண்டு யுனிவர்சிட்டில எதுக்குப் போகலாம்?" கூடவே ரெண்டு லிங்க். திறந்து பார்த்தா ரெண்டுலயும் அதே படம். கண்ணாடிச் சுவர் வச்ச கட்டடம், பச்சைப் புல்வெளி, லேப்டாப்பை மடியில வச்சுட்டு சிரிக்கிற நாலு பேர். ரேங்கிங் கேக்குறாங்க, குளிர் எவ்வளவுன்னு கேக்குறாங்க, பக்கத்துல இந்தியன் ஸ்டோர் இருக்கான்னு கேக்குறாங்க. "அந்த யுனிவர்சிட்டிகிட்ட காசு இருக்கா?"ன்னு இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்ல.

அதே சமயம் நம்ம வீட்டுப் பக்கம் என்ன நடக்குது? எஜுகேஷன் லோன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க் பெரும்பாலும் ஈடு கேக்கும். அப்பாவோட ஐ.டி. ரிட்டர்ன், சம்பள ஸ்லிப், வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வேல்யூவர் ரிப்போர்ட் எல்லாம் போகும். காசு கொடுக்கிறவன் நம்மளைத் தலைகீழாக் கவுத்துப் பார்க்கிறான், அது நியாயமும்கூட. ஆனா அந்தக் காசு போய்ச் சேர்ற இடத்தை நாம ஒரு தடவை தட்டிக்கூடப் பார்க்கிறதில்ல. அரை கிரவுண்ட் மனை வாங்குறதுக்கே முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஊர் நம்மளோடது. நாப்பது, அம்பது லட்சம் கட்டப்போற காலேஜுக்கு வில்லங்கம் பார்க்க வேணாமா?

எம்.எஸ். போறவங்கள்ல பெரும்பகுதி அமெரிக்கா போறதால, இன்னைக்கு எபிசோட் முழுக்க அமெரிக்க யுனிவர்சிட்டி கணக்குதான்.

எழுத்து வடிவத்துல ஓடுற ஆறு

முதல்ல லூசியானா போவோம். லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, சுருக்கமா எல்.எஸ்.யு., அந்த மாநில அரசோட பெரிய பல்கலைக்கழகம். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசு உயர்கல்விக்கான பணத்தை வருஷா வருஷம் வெட்டிட்டே வந்தது. 2015 ஏப்ரல்ல நிலைமை எவ்வளவு மோசமாச்சுன்னா, நிதி நெருக்கடி நிலை அறிவிக்கிறதுக்கான திட்டத்தையே நிர்வாகம் தயார் பண்ண ஆரம்பிச்சது. கம்பெனி திவால் நோட்டீஸுக்கு டிராஃப்ட் எழுதுற மாதிரின்னு வச்சுக்கோங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2017-ல், அதே கேம்பஸ்ல ஒரு 'லேஸி ரிவர்' திறந்தாங்க. வாட்டர் தீம் பார்க்ல டியூப் மேல படுத்துட்டு மிதந்து போவோமே, அதேதான். மேல இருந்து பார்த்தா எல்.எஸ்.யு.ங்கிற ஆங்கில எழுத்துகளோட வடிவம். விளையாட்டு, உடற்பயிற்சி மையத்தைப் பெரிசாக்கின சுமார் 8.5 கோடி டாலர் வேலையில அது ஒரு பகுதி. அதே நேரம் மெயின் லைப்ரரியில தண்ணி ஒழுகி, புத்தக அலமாரி மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு வச்சிருந்தாங்க.

கேட்டதும் "அறிவில்லையா இவனுங்களுக்கு?"ன்னு தோணும். ஆனா கணக்கைப் பார்த்தா ஒவ்வொரு முடிவும் அந்தந்த இடத்துல சரியாத்தான் தெரியுது. ஜிம்முக்கான காசு அரசோடது கிடையாது. மாணவர்களே ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட தனிக் கட்டணம் அது. அதை எடுத்து லைப்ரரி கூரையைச் சரி பண்ண முடியாது. கூரைக்கு அரசு கொடுக்கணும், அரசு கொடுக்கல. நம்ம ஆபீஸ்லயும் இதே கதைதானே? டீம் அவுட்டிங்குக்குத் தனி பட்ஜெட் இருக்கும், பழைய சர்வரை மாத்துறதுக்கு இருக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பழுது பார்க்கிறதுக்கு நன்கொடை கொடுக்க யாரும் வரமாட்டாங்க. புதுக் கட்டடம்னா வாசல்ல பேர் பொறிக்கலாம், ஏ.சி. டக்ட்ல பொறிக்க முடியாது. அதனால புதுசு புதுசா எழும்பும், பழசு உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருக்கும். கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். புது ஃபீச்சர் போட்டா டெமோல கைதட்டு. டெக்னிக்கல் டெட்டைக் குறைச்சா யாருக்கும் தெரியக்கூட தெரியாது. நான் படிச்ச காலேஜ்லயும், பேர் வேணாம், ஆடிட்டோரியத்துல குஷன் சீட்டும் சென்ட்ரல் ஏ.சி.யும் இருந்தது. லேப்ல ஒரு ஆசிலாஸ்கோப்புக்கு ஆறு பேர் நின்னோம்.

மாணவர்கள் இதைத்தான் விரும்புறாங்களான்னு பார்த்த ஒரு ஆய்வும் இருக்கு. பிரையன் ஜேக்கப், பிரையன் மெக்கால், கெவின் ஸ்டாங்கேன்னு மூணு பொருளாதார நிபுணர்கள் 2013-ல் வெளியிட்டது. பெரும்பாலான மாணவர்கள் காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதி, விளையாட்டு, மாணவர் வசதிகளுக்குச் செலவாகுற பணத்துக்கு மதிப்புக் கொடுக்குறாங்க. கல்வித் தரத்துக்காகக் கூடுதலாக் கொடுக்கத் தயாரா இருந்தது, நல்லாப் படிக்கிற மாணவர்கள் மட்டும்தான். அப்போ சாதாரணமான ஒரு காலேஜ், சீட் நிரம்பணும்னா எதுல காசு போடும்? ஜிம்லதான் போடும்.

கட்டடத்தோட இ.எம்.ஐ. யார் கட்டுறா?

அமெரிக்க யுனிவர்சிட்டிகள் பெரிய கட்டடங்களை நிறைய நேரம் கடன் பத்திரம், அதாவது பாண்ட், போட்டுத்தான் கட்டுது. வரிச்சலுகை உள்ள பாண்ட், இருபது முப்பது வருஷத் தவணை. 2008-க்குப் பிறகு வட்டி ரொம்பக் குறைவா இருந்ததால கடன் வாங்குறது சுலபமா இருந்தது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டப்போறது ஹாஸ்டல் வாடகை, மாணவர் கட்டணம், டியூஷன். அதாவது இனிமேல் வந்து சேரப்போற மாணவர்கள்.

இது ஒரு பந்தயம். "அடுத்த முப்பது வருஷமும் இத்தனை பேர் வருவாங்க"ன்னு கட்டின பந்தயம். கூட்டம் குறைஞ்சாலும் இ.எம்.ஐ. குறையாது.

"அவங்ககிட்ட பெரிய எண்டோமென்ட் இருக்கே?"ன்னு கேப்பீங்க. அது அறக்கட்டளை நிதி. அதுல பெரும்பகுதி இந்தத் துறைக்கு, இந்த ஸ்காலர்ஷிப்புக்குன்னு கொடுத்தவங்க எழுதி வச்ச காசு. வருஷத்துக்கு நாலரை, அஞ்சு சதவீதம்தான் எடுத்துச் செலவு பண்ணுவாங்க. கோயில் நிலம் ஆயிரம் ஏக்கர் இருந்தாலும் குருக்களுக்குச் சம்பளப் பாக்கி இருக்குமே, அந்த மாதிரி. உலகப் புகழ் பெற்ற சிகாகோ பல்கலைக்கழகத்துக்கே கடன் சுமார் 600 கோடி டாலர். 2024 நிதியாண்டுல 28.8 கோடி டாலர் துண்டு விழுந்தது. சிகாகோ தாக்குப் பிடிக்கும், அந்தப் பேருக்கு உலகம் முழுக்க ஆள் வருவாங்க. அந்தப் பேர் இல்லாத காலேஜ்கள்தான் மாட்டிக்குது.

ஏரி வெட்டின காலேஜ்

அப்படி மாட்டினதுல ஒண்ணு, அலபாமாவுல 1856-ல் ஆரம்பிச்ச பர்மிங்ஹாம்-சதர்ன் காலேஜ். 192 ஏக்கர் கேம்பஸ், சின்ன காலேஜ், நல்ல பேர். 2000-களோட நடுவுல கடன் வாங்கிக் கட்ட ஆரம்பிச்சாங்க. புது விடுதிகள், ஃபுட்பால் ஸ்டேடியம், கேம்பஸுக்குள்ளயே ஒரு செயற்கை ஏரி. அழகா இருந்தா மாணவர்கள் வருவாங்கங்கிற கணக்கு.

அப்புறம் 2008 சரிவு வந்து எண்டோமென்ட் சுருங்கிச்சு. 2010-ல் இன்னொரு குண்டு. மாணவர் உதவித்தொகைக் கணக்குல பல வருஷமா இருந்த பிழை வெளிய வந்தது. ஆட்குறைப்பு பண்ணாங்க, சில படிப்புகளை மூடினாங்க. 2018-ல் அறிவிச்ச டியூஷனைப் பாதியாக் குறைச்சும் பார்த்தாங்க. ஒருகாலத்துல கிட்டத்தட்ட 1,500 பேர் படிச்ச இடத்துல, கடைசியில ஆயிரம் பேர்கூட இல்ல.

2023-ல் அலபாமா சட்டமன்றம், நலிவடைஞ்ச காலேஜ்களுக்குக் கடன் கொடுக்க ஒரு சட்டமே கொண்டுவந்தது. இவங்க 3 கோடி டாலர் கேட்டாங்க. மாநிலக் கருவூலத் தலைவர் மறுத்துட்டார். 2024 மார்ச்சுல நிர்வாகக் குழு மூடுறதுன்னு முடிவெடுத்தது. மே 31-ஆம் தேதி, 168 வருஷத்துக்குப் பிறகு, காலேஜ் மூடியாச்சு.

அன்னைக்கு அவங்க பேஸ்பால் டீம் ஒஹாயோவுல தேசியப் போட்டியோட இறுதிச் சுற்றுல ஆடிட்டு இருந்தது. காலேஜ் மூடின மறுநாளும் அந்த ஜெர்சியைப் போட்டு இறங்கி ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க. ஜெர்சில இருக்கிற பேருக்குச் சொந்தமான காலேஜ் அப்போ இல்ல.

இவங்களாவது ரெண்டு மாசம் டைம் கொடுத்தாங்க. ஃபிலடெல்ஃபியாவுல யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், 1876-ல இருந்து வரலாறு உள்ள இடம். 2024 மே 31-ஆம் தேதி செய்தி வருது, ஜூன் 7-ஆம் தேதி மூடுறோம்னு. ஒரே வாரம்! படிச்சுட்டு இருந்த சுமார் 1,150 பேர்ல நிறைய பேருக்குப் பத்திரிகைச் செய்தி மூலமாத்தான் விஷயமே தெரிஞ்சது.

2007-ல் பிறந்த குழந்தைகள்

"ரெண்டு சின்ன காலேஜ் மூடினா என்ன?"ன்னு நினைக்காதீங்க, பின்னாடி ஒரு பெரிய எண் இருக்கு. அமெரிக்காவுல 2007-ல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தாங்க. அதுதான் உச்சம். அடுத்த வருஷம் பொருளாதாரம் விழுந்தது, பிறப்பும் இறங்க ஆரம்பிச்சது. 2023-ல் சுமார் 36 லட்சம்தான்.

2007-ஓட பதினெட்டைக் கூட்டுங்க. 2025. ஹைஸ்கூல் முடிக்கிறவங்க எண்ணிக்கை 2025 வாக்குல உச்சம் தொட்டு, 2041-க்குள்ள சுமார் 13 சதவீதம் குறையும்னு கணிப்பு. இதுல ஜோசியம் எதுவும் இல்ல. அந்தக் குழந்தைகள் பிறக்கலன்னு பதினேழு வருஷமாத் தெரியும். தெரிஞ்சுட்டேதான் முப்பது வருஷக் கடன் வாங்கினாங்க, கூட்டம் குறைஞ்சாலும் நம்ம காலேஜுக்குக் குறையாதுன்னு.

வெஸ்ட் வர்ஜீனியா யுனிவர்சிட்டி 2020-க்குள்ள 40,000 மாணவர்கள்னு இலக்கு வச்சது. நடந்தது நேரெதிர். 2015-ல இருந்து சுமார் 10 சதவீதம் குறைஞ்சது. 2023-ல் 4.5 கோடி டாலர் துண்டு. 28 படிப்புகளை நிறுத்தி, 143 பேராசிரியர் பணியிடங்களை எடுத்தாங்க. வெட்டுனது ஆசிரியர்களைத்தான், கட்டடங்கள் அப்படியே நிக்குது. கான்கிரீட்டை லே-ஆஃப் பண்ண முடியாதே.

கூட்டம் குறைஞ்சா தள்ளுபடி ஏறும். தனியார் காலேஜ்கள்ல முதல் வருஷ இளநிலை மாணவர்களுக்கு, அறிவிச்ச டியூஷன்ல சராசரியா 56 சதவீதத்தைத் தள்ளுபடியாவே கொடுத்துடுறாங்க. ஆடித் தள்ளுபடி மாதிரிதான். ஆனா ஆடி ஒரு மாசம், இவங்களுக்கு வருஷம் முழுக்க ஆடி. கையில வர்ற காசு பாதிகூட இல்ல.

அங்கதான் நாம வர்றோம்

அப்போ முழுக் கட்டணம் கட்டுறது யாரு? தள்ளுபடி பெருசாக் கேக்காம, அமெரிக்க அரசு உதவி எதுவும் இல்லாம, மாஸ்டர்ஸுக்கு வர்ற வெளிநாட்டு மாணவர்கள். 2023-24-ல் அமெரிக்காவுல படிச்ச இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்தி முதலிடம். அதுல சுமார் 1,97,000 பேர் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புல இருந்தவங்க.

அமெரிக்கக் குழந்தைகள் பிறக்காத ஓட்டையை அடைக்கிற சிமெண்ட் நாமதான். தேனியிலயோ திருப்பூர்லயோ அடமானம் வச்ச வீடு, எங்கயோ இருக்கிற ஒரு ஜிம்மோட பாண்டுக்கு வட்டி கட்டிட்டு இருக்கலாம்.

இப்போ அந்த சிமெண்ட் வரத்தும் குறைஞ்சுடுச்சு. 2025 மே கடைசியில இருந்து ஜூன் நடு வரை மாணவர் விசாவுக்குப் புது இன்டர்வியூ அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறதை நிறுத்தி வச்சாங்க. செப்டம்பர்ல புது ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிச்சாங்க. 2025 இலையுதிர் பருவத்துல புதுசாச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 17 சதவீதம் குறைவு. சிகாகோவுல இருக்கிற டிபால் யுனிவர்சிட்டியில புது வெளிநாட்டு முதுநிலை மாணவர்கள் 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு, நிர்வாகம் செலவைக் குறைக்கப் போறோம்னு அறிவிச்சது.

"அதான் சீட் ஈஸியாக் கிடைக்குமே ப்ரோ"ன்னு சந்தோஷப்படலாம். கிடைக்கும். ஆனா நீங்க ஏறப்போறது எந்த பஸ்னு பார்க்கணும்.

படிக்கும்போதே காலேஜ் மூடினா என்ன ஆகும்? அமெரிக்க மாணவர்கிட்ட மத்திய அரசுக் கடன் இருந்தா, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தக் கடனையே ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். அது அமெரிக்க அரசு கொடுத்த கடனுக்கு மட்டும். நம்ம பேங்க்ல வாங்கின கடனுக்கு அந்தப் பேச்சே கிடையாது. காலேஜ் போனாலும் இ.எம்.ஐ. போகாது. எஃப்-1 விசாவும் அந்த காலேஜை வச்சுத்தான். வேற காலேஜுக்கு மாறணும், இல்லன்னா கிளம்பணும். பாதி முடிச்ச கிரெடிட்ல எவ்வளவை ஏத்துக்கிறதுன்னு புது காலேஜ்தான் சொல்லும்.

மூடாட்டாலும் அடி விழும். நீங்க நம்பிப் போன பேராசிரியர் போயிடலாம், எலெக்டிவ் குறையலாம், அசிஸ்டன்ட்ஷிப் காணாம போகலாம்.

வில்லங்கம் பார்க்கிறது எப்படி?

நல்ல விஷயம் என்னன்னா, அமெரிக்காவுல இந்தக் கணக்கெல்லாம் பொதுவெளியில இருக்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

ஒண்ணு, மாணவர் எண்ணிக்கை. அமெரிக்க அரசோட 'காலேஜ் நேவிகேட்டர்' தளத்துல மொத்த எண்ணிக்கை இருக்கும். பழைய வருஷக் கணக்கை யுனிவர்சிட்டியோட சொந்தப் புள்ளிவிவரப் பக்கத்துல எடுக்கலாம். தொடர்ந்து இறங்கிட்டே வருதான்னு பாருங்க. மொத்தம் இறங்கும்போது வெளிநாட்டு மாணவர் பங்கு மட்டும் வேகமா ஏறினா, உங்க தோள்லதான் பாரம்.

ரெண்டு, வரவு செலவு. தனியார், லாப நோக்கில்லாத காலேஜ்னா 'ஃபார்ம் 990'னு ஒரு வரிப் படிவம். ப்ரோபப்ளிகாவோட 'நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்'ல காலேஜ் பேரைப் போட்டா வரும். வருமானத்துல செலவு போக மிச்சம் எவ்வளவுன்னு ஒரு வரி இருக்கும். ஒரு வருஷம் மைனஸ் போனா பரவாயில்ல. தொடர்ந்து மூணு, நாலு வருஷம் போச்சுன்னா யோசிங்க. அரசுப் பல்கலைக்கழகம்னா தணிக்கை அறிக்கை அவங்க தளத்துலயே இருக்கும்.

மூணு, அமெரிக்கக் கல்வித்துறை தனியார் காலேஜ்களுக்குப் போடுற நிதிப் பொறுப்பு ஸ்கோர். மைனஸ் 1-ல இருந்து 3 வரை. 1.5-க்குக் கீழன்னா கவனம்.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'எம்மா'ன்னு ஒரு தளம், பாண்ட் ஆவணங்கள் எல்லாம் இருக்கும். யுனிவர்சிட்டி கடன் வாங்கும்போது முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த ஆவணத்தைத் தேடுங்க. எத்தனை பேர் அப்ளை பண்ணாங்க, எத்தனை பேர் சேர்ந்தாங்க, கடன் எவ்வளவு, என்னென்ன ஆபத்து, எல்லாம் எழுதியிருக்கும். அதுல பொய் சொன்னா பங்குச் சந்தைச் சட்டம் பாயும். நமக்கு அனுப்புறது ப்ரோஷர், கடன் கொடுக்கிறவனுக்கு அனுப்புறது கணக்கு. நீங்களும் கடன் வாங்கிக் காசு போடுறவங்கதானே? அந்தக் கணக்கைத்தான் படிக்கணும்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். கட்டடம் கட்டுறதே தப்புன்னு நான் சொல்லல. நல்ல லேப் வேணும், ஒழுகாத லைப்ரரி வேணும், குளிர்ல இருக்க விடுதி வேணும். கடன் இருக்கிற எல்லா காலேஜும் மூடப்போறதும் இல்ல. வீட்டுக் கடன் இருக்கிறவன் எல்லாம் நொடிஞ்சு போறானா என்ன? வருமானத்துக்கும் கடனுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

நம்ம ஊர்ல மட்டும் எல்லாம் சரியான்னு கமெண்ட் வரும், அதையும் தொட்டுடுறேன். 1857-ல் ஆரம்பிச்ச சென்னைப் பல்கலைக்கழகத்தோட வங்கிக் கணக்குகளை 2024-ல் வருமான வரித்துறை முடக்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில சிக்கி, 2013-ல் மாநில அரசு கையில எடுத்தது. இங்க அரசு வந்து தாங்கிப் பிடிக்குது, அதனால ஒரே வாரத்துல பூட்டுப் போடுறதில்ல. ஆனா காலிப் பணியிடமா, தள்ளிப் போற சம்பளமா, அந்த அடி மெதுவா வந்து விழும். அதுக்குத் தனி எபிசோடே போடணும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க கையிலயோ, தம்பி தங்கச்சி கையிலயோ அட்மிட் லெட்டர் இருந்தா, டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி இந்த நாலையும் பாருங்க. அப்பா அம்மாவையும் பக்கத்துல உட்கார வச்சுக் காட்டுங்க. இங்கிலீஷ் புரியலைன்னாலும் மைனஸ் குறி புரியும். பத்திரம் அவங்க பேர்ல இருக்கு, அவங்களுக்கும் தெரியணும்.

நீங்க பார்த்த கணக்குல ஏதாவது புரியலைன்னா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, சேர்ந்து படிப்போம். அடுத்த வாரம் சந்திப்போம்.